ஃபோட்டான் ஜோடிகளும் சேர்வராயன் சரிவும்

பொம்மிடியிலிருந்து பார்த்தால் சேர்வராயன் மலைச்சரிவு தெரியும். அதில் சிறு மேடு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேட்டைக் கையால் மறைத்து, இருபக்கச் சரிவையும் பார்த்து நடுவில் கோடு இழுத்தால், மேடு இல்லாதபோது நிலம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். 2012 ஜூலை 4-ல் ஜெனீவா செர்ன் ஆய்வகம் ஹிக்ஸ் போசானை அறிவித்ததன் பின்னே இந்த வேலையும் இருந்தது.

ஹிக்ஸ் உண்டானதுமே சிதைந்துவிடும். ஆயிரத்தில் சுமார் இரண்டு தடவைதான் இரண்டு ஃபோட்டான்களாகச் சிதையும். ஆனால் புரோட்டான்கள் மோதும்போது ஹிக்ஸ் இல்லாமலே ஃபோட்டான் ஜோடிகள் ஏராளமாக வருகின்றன. போலிகளும் உண்டு. நடுநிலை பையான் உடைந்து தரும் இரண்டு ஃபோட்டான்கள் ஒட்டியே பறப்பதால் கருவிக்கு ஒன்றாகத் தெரியும். இந்தப் போலியைப் பிரித்தறிய சி.எம்.எஸ். கருவியின் இரு முனைகளிலும் மெல்லிய சிலிக்கான் தகடுகளைப் பதித்தார்கள். ஒவ்வொன்றிலும் 32 கீற்றுகள். அவற்றில் சுமார் ஆயிரம் தகடுகள், பாபா அணு ஆராய்ச்சி மையம், டெல்லிப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் முயற்சியில் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் செய்தவை. நம் பிள்ளைகள் வேலைக்குப் போகும் அதே பெங்களூருதான்!

இத்தனை வடிகட்டியும் பின்னணி மிஞ்சும். கணினி மாதிரியை மட்டும் நம்பாமல், ஜோடிகளின் நிறையை வரைபடமாக்கி, இருபக்கத் தரவிலிருந்தே நடுப்பகுதியை மதிப்பிட்டார்கள். 125 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் அருகே மேடு நின்றது.

2015 டிசம்பரில் 750 அருகே இன்னொரு மேடு. அட்லஸ், சி.எம்.எஸ். என்ற இரு குழுக்களுமே கண்டார்கள். உலகெங்கும் 500-க்கு மேல் கட்டுரைகள் எழுதப்பட்டன. நானும் பத்திரிகையில் படித்துவிட்டு, "புதுத் துகள் வந்துவிட்டது" என்று ஏழாம் வகுப்பில் கரும்பலகையில் வரைந்தே காட்டினேன். வாத்தியாருக்கு அவசரம்!

அங்கே சரிவின் அடிவாரம். ஜோடிகள் வெகு சில. நாலைந்து கூடுதலாக விழுந்தாலே மேடு மாதிரி தெரியும். வரைபடம் முழுக்கத் தேடினால் எங்காவது ஒன்று தட்டுப்படவும் செய்யும். 2016 ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டில் பன்மடங்கு தரவைக் காட்டினார்கள். மேட்டைக் காணோம்.

அந்தப் பிள்ளைகள் அதற்குள் எட்டாம் வகுப்புக்குப் போயிருந்தார்கள். அவர்கள் ஆசிரியரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கிப் போய், அதே படத்தைத் திரும்ப வரைந்து, மேட்டை அவர்கள் எதிரிலேயே டஸ்டரால் அழித்தேன். "அப்போ அந்த 125-ம் அழிஞ்சிடுமா சார்?" என்று கேட்டாள் ஒருத்தி. தரவு கூடக்கூட அது உயர்ந்துகொண்டே போகிறதம்மா என்றேன்.