ஊருக்கு ஓர் எழுத்து

வெளிநாட்டு விமான நிலையம் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். சென்னைக்குத் திரும்ப இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், 'மிஸ்டர் சுப்பிரமணியம், உடனே கவுன்ட்டருக்கு வரவும்' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. எவனோ ஒரு சோம்பேறி தூங்கிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தபடி காபியை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். நாலாவது தடவை கூப்பிட்டபோதுதான் உறைத்தது. அந்தச் சோம்பேறி நான்தான்.

சுப்பிரமணியம் என் அப்பா. ஜென்மத்தில் விமானம் ஏறியதில்லை. போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டால் விசா வாங்கும்போது இழுத்தடிப்பார்கள் என்று யாரோ பயமுறுத்தினார்கள். அப்பா பெயரை எழுதி வைத்தேன். அன்று முதல் வெளியுலகத்துக்கு நான் சுப்பிரமணியம். நாளைக்கு என் மகனுக்குப் பாஸ்போர்ட் எடுத்தால் அவனுக்கு சர்நேம் என் பெயர். ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஒரு குடும்பப் பெயர், பிள்ளைக்கு ஒரு குடும்பப் பெயர். அப்புறம் அதில் குடும்பம் எங்கே இருக்கிறது?

இந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தால் சுவாரசியமான ஒரு விஷயம் அகப்படுகிறது. குடும்பப் பெயர் என்றால் ஆதிகாலத்திலிருந்து பரம்பரை பரம்பரையாக வருவது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பல தேசங்களில் அப்படி இல்லை. அரசாங்கம் ஒரு நாள் உட்கார்ந்து, உத்தரவு போட்டு, ஜனங்களுக்கு ஒட்டிவிட்ட சமாசாரம் அது. தேதிகூடச் சொல்லலாம். பிலிப்பைன்ஸில், 1849 நவம்பர் 21.

அப்போது பிலிப்பைன்ஸ், ஸ்பெயினின் காலனி. கவர்னர் ஜெனரலின் பெயர் நார்சிஸோ க்ளாவேரியா. ஒழுங்கு என்றால் உயிரை விடுகிற ஆசாமி. இவர் பதவிக்கு வந்த சமயம், பிலிப்பைன்ஸின் காலண்டர் பக்கத்து ஆசிய நாடுகளைவிட ஒரு நாள் பின்தங்கியிருந்தது. ஸ்பானியர்கள் மெக்ஸிகோவிலிருந்து மேற்கு நோக்கிப் பசிபிக்கைக் கடந்து வந்து சேர்ந்ததன் விளைவு. மூன்று நூற்றாண்டுகளாகப் பெரிதாக எடுத்துக்கொள்ளப்படாத பிரச்னை. க்ளாவேரியாவால் பொறுக்க முடியவில்லை. 1844 டிசம்பர் 31-ம் தேதியைத் தூக்கிக் கடாசிவிட்டார். திங்கட்கிழமை, டிசம்பர் 30 ராத்திரி படுத்தவர்கள் கண் விழித்தபோது புதன்கிழமை, ஜனவரி 1. செவ்வாய்க்கிழமையைக் காணோம்.

ஒரு நாளையே காணாமல் அடித்தவர், ஜனங்களின் பெயரை மட்டும் சும்மா விடுவாரா?

ஸ்பானியர்கள் வருவதற்கு முன்னால் அந்தத் தீவுகளில் ஆளுக்கு ஒரு பெயர்தான். தகலாக் மக்களிடம் ஓர் அழகான வழக்கம் இருந்தது. முதல் குழந்தை பிறந்ததும் அப்பாவின் பெயர் மாறிவிடும். இன்னாருடைய அப்பா. அவ்வளவுதான் அவர் பெயர். நம்மூர்ப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு 'எங்க ரமேஷோட அப்பா' என்பார்களே, கிட்டத்தட்ட அதே கதை. அங்கே பிள்ளை பெயர்தான் தகப்பனுக்கு இனிஷியல்.

பிறகு பாதிரியார்கள் வந்தார்கள். ஞானஸ்நானம் கொடுத்தார்கள். புனிதர்களின் பெயர்களை வைத்தார்கள். பின்னால் ஏதாவது சேர்த்துக்கொள்ளலாம் என்றபோது ஜனங்கள் பக்தியோடு 'டி லா க்ரூஸ்' என்று சேர்த்துக்கொண்டார்கள். சிலுவையின் என்று அர்த்தம். அல்லது, 'டி லாஸ் சான்டோஸ்.' புனிதர்களின் என்று அர்த்தம். ஊரில் பாதிப் பேர் சிலுவை, மீதிப் பேர் புனிதர் என்றால் என்ன ஆகும்? போதாக்குறைக்கு அண்ணனுக்கு ஒரு பெயர், தம்பிக்கு வேறு ஒன்று.

நான் காமர்ஸ் படித்தவன். ஒரே பெயரில் நூறு பார்ட்டிகள் உள்ள லெட்ஜரை நினைத்தாலே எனக்கு வியர்க்கும். கவர்னருக்கும் வியர்த்தது. ஆளுக்கு இவ்வளவு என்று தலைவரி வசூலிக்க வேண்டும். வருஷத்துக்கு 40 நாள் கட்டாய உழைப்புக்கு ஆண்களை இழுத்து வர வேண்டும். வரி கட்டிய க்ரூஸ் யார், கட்டாத க்ரூஸ் யார்? கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிற பெண்ணும் பையனும் அண்ணன் தங்கை முறையா, இல்லையா? மாதாகோயில் பதிவேட்டைப் பார்த்தால் ஒன்றும் புரியாது.

க்ளாவேரியா ஒரு புத்தகம் தயாரிக்கச் சொன்னார். பெயர்ப் புத்தகம். ஸ்பானியக் குடும்பப் பெயர்கள், உள்ளூர் மொழிகளிலிருந்த சொற்கள், செடிகொடிகள், தாதுப் பொருள்கள், இடங்கள், கலைகள் என்று சகலத்திலிருந்தும் பொறுக்கியெடுத்த சுமார் 61,000 பெயர்கள், அகர வரிசையில். மாகாண அதிகாரிகளுக்குப் புத்தகம் போனது. அவர்கள் ஊரின் அளவைப் பார்த்து, பக்கங்களைப் பிரித்து அனுப்பினார்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஒவ்வொரு குடும்பத் தலைவரும் வந்து ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். இனி பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் எல்லோருக்கும் அதுதான். நாலு தலைமுறையாக ஒரே பெயரை வைத்திருப்பதாக நிரூபித்தால் மட்டும் விதிவிலக்கு. பள்ளிக்கூட வாத்தியார்கள், பிள்ளைகளைப் புதுப் பெயரில்தான் கூப்பிட வேண்டும் என்றுகூட உத்தரவில் இருந்தது.

அகர வரிசையில் பக்கம் பிரித்ததால் வந்த வேடிக்கை என்ன தெரியுமா? சில ஊர்களில் எல்லோருக்கும் ஒரே எழுத்தில் பெயர் அமைந்துவிட்டது. அல்பாய் மாகாணத்தில் ஓவாஸ் என்றோர் ஊர். அவர்களுக்குப் போனது 'ஆர்' எழுத்துப் பக்கம். இன்றைக்கும் அந்த ஊர்ப் பரம்பரைக் குடும்பங்களின் பெயர் 'ஆர்' எழுத்தில்தான் தொடங்கும். பிலிப்பைன்ஸ்காரர் ஒருவருக்கு ஸ்பானியப் பெயர் இருந்தால், ஸ்பானிய ரத்தம் ஓடுகிறது என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். அந்தப் பக்கம் அவர்கள் ஊருக்குப் போனது என்று அர்த்தம். அவ்வளவுதான்.

உத்தரவு போட்ட அடுத்த மாதமே க்ளாவேரியா பதவியைவிட்டுப் போய்விட்டார். பெயர்கள் தங்கிவிட்டன.

அப்படித் தங்கிய பெயர் ஒன்றின் கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. கலாம்பா என்ற ஊரில் மெர்காடோ என்றொரு குடும்பம். சீனாவிலிருந்து வந்து குடியேறிய வியாபாரியின் வம்சம். மெர்காடோ என்றால் சந்தை. பொருத்தமான பெயர்தான். 1849 உத்தரவுக்குப் பிறகு, குடும்ப நண்பரான ஒரு மாகாண அதிகாரி இவர்களுக்கு 'ரிஸால்' என்று இன்னொரு பெயரையும் சேர்த்துக் கொடுத்தார். குடும்பம் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. மெர்காடோவாகவே இருந்தார்கள்.

1872-ல் கவீட்டே என்ற இடத்தில் ஒரு கலகம். அதைச் சாக்கிட்டு ஸ்பானிய அரசாங்கம் கோமெஸ், புர்கோஸ், ஸமோரா என்ற மூன்று பாதிரியார்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றது. மெர்காடோ வீட்டு மூத்த பையன் பாசியானோ, புர்கோஸின் சீடன். அவர் வீட்டிலேயே தங்கிப் படித்தவன். அந்தப் பெயர் போலீஸ் கண்ணில் பட்டுவிட்டது. அதே வருஷம் அவனுடைய தம்பி மணிலாவில் பள்ளிக்கூடம் சேர வேண்டும். 11 வயது. அண்ணன் சொன்னான்: மெர்காடோ வேண்டாம்டா தம்பி. அந்த இன்னொரு பெயரைக் கொடு.

பரணில் கிடந்த பெயர் இறங்கி வந்தது. ஹோசே ரிஸால்.

அந்தப் பையன் பிறகு கண் மருத்துவரானான். ஐரோப்பாவில் இருந்தபடி இரண்டு நாவல்கள் எழுதினான். ஒன்று 1887-ல், அடுத்தது 1891-ல். இரண்டாவது நாவலை அந்த மூன்று பாதிரியார்களுக்கே சமர்ப்பணம் செய்தான். ஸ்பானிய ஆட்சியின் அஸ்திவாரத்தை ஆட்டிய எழுத்து அது. பாதுகாப்புக்காகப் போட்டுக்கொண்ட பெயரே ஆபத்தான பெயராகிவிட்டது. குடும்பத்தைத் துரத்தித் துரத்தி அடித்தார்கள். அப்போது வீட்டார் அனைவரும் மெர்காடோவை விட்டுவிட்டு, ரிஸால் என்றே போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். தன் ஆஸ்திரிய நண்பர் ப்ளூமென்ட்ரிட்டுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார் ரிஸால். 1896 டிசம்பர் 30-ம் தேதி மணிலாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 35. இன்று அவர் அந்த தேசத்தின் தலைமகன்.

யோசித்துப் பாருங்கள். வரி வசூலிக்க வசதியாக ஸ்பெயின் கொடுத்த பெயர். அந்தப் பெயரே ஸ்பெயினுக்கு எதிரான கோஷமாகிவிட்டது.

அப்படியானால் அரசாங்கம் கொடுக்கிற எந்தப் பெயரையும் ஜனங்கள் காலப்போக்கில் ஏற்றுக்கொண்டுவிடுவார்களா? மாட்டார்கள். அதற்கு சாட்சி கொரியா.

கொரியாவில் குடும்பப் பெயர் மிகப் பழையது. எண்ணிக்கையில் குறைவு. இன்றைக்கும் தென் கொரியாவில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கிம். ஆனால் எல்லாக் கிம்மும் ஒன்றல்ல. எந்த ஊர் கிம் என்பது முக்கியம். கிம்ஹே கிம் வேறு, கியோங்ஜூ கிம் வேறு. நம்மூர் கோத்திரம் மாதிரி. ஒரே பெயர், ஒரே பூர்வீகம் என்றால் கல்யாணம் கூடாது. 1997-ல் அரசியல் சாசன நீதிமன்றம் தலையிடும்வரை இது சட்டமாகவே இருந்தது.

அந்தக் கொரியாவை ஆண்டுகொண்டிருந்த ஜப்பான், 1940 பிப்ரவரி 11-ல் ஆரம்பித்து ஆறு மாத அவகாசம் கொடுத்தது. ஜப்பானிய பாணிக் குடும்பப் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். விருப்பப்பட்டுச் செய்வதாகத்தான் பேச்சு. ஆனால் செய்யாதவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தொல்லை, பெரியவர்களுக்கு அலுவலகங்களில் தொல்லை. சுமார் 80 சதவிகிதம் பேர் பதிவு செய்தார்கள். அதிலும் பலர் ஒரு காரியம் செய்தார்கள். கிம் என்பதை எழுதும் சீன எழுத்தைப் புதுப் பெயருக்குள்ளேயே ஒளித்து வைத்தார்கள். ஜப்பானியர் வாசித்தால் 'கானெடா', 'கானெமோட்டோ'. உள்ளே பார்த்தால் கிம் பத்திரமாக இருக்கும்.

1945-ல் ஜப்பான் தோற்றது. 1946-ல் பழைய பெயர்களை மீட்கச் சட்டபூர்வமாக வழி செய்தார்கள். கொரியர்கள் ஒரு நாள்கூடக் கூடுதலாக அந்தப் பெயர்களைச் சுமக்க விரும்பவில்லை.

பிலிப்பைன்ஸில் பெரும்பாலானவர்களுக்கு நிலையான குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாத இடத்தில் புதிதாக வைத்தார்கள். கொரியாவில், இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு வைத்தார்கள். தாத்தாவின் பெயரைப் பிடுங்கினால் எவனுக்குத்தான் பொறுக்கும்?

சரி, நம் கதைக்கு வருவோம். நம்மிடம் ஏன் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது? எப்போதும் காலியாக இருந்ததில்லை. எழுபது, எண்பது வருஷத்துக்கு முந்தைய கல்யாணப் பத்திரிகை ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது? சாதி.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் போடும் சாதிப் பட்டங்களை விட்டுவிடும்படி தீர்மானம் போட்டது. பெரியார் அதற்கு முன்பே 'நாயக்கர்' என்பதைத் தம் பெயரிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். எந்த கவர்னரும் உத்தரவு போடவில்லை. போலீஸ் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஜனங்களே வெட்டிவிட்டார்கள். மிச்சமிருந்தது அவரவர் பெயரும் அப்பாவின் முதலெழுத்தும்.

சாதி போய்விட்டதா என்று கேட்பீர்கள். எங்கே போனது? ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, சுற்றி வளைத்துக் கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ஆள் யாரென்று தெரியாமல், பெயரை மட்டும் வாசித்து எடைபோடுவது இங்கே கொஞ்சம் கஷ்டம். வேலைக்கு மனுப் போடுகிற ஒரு பையனுக்கு, வாடகைக்கு வீடு தேடுகிற ஒரு பெண்ணுக்கு, அந்தக் கொஞ்சம் சின்ன விஷயம் இல்லை.

எனவே அந்தக் கட்டத்தைப் பார்த்து இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருவதில்லை. அடுத்த முறை ஒலிபெருக்கியில் சுப்பிரமணியத்தைக் கூப்பிட்டால் முதல் அழைப்புக்கே எழுந்து போய்விடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

அப்பா யார் கூப்பிட்டாலும் உடனே எழுந்து போகிற மனிதர்.