போர் முடிஞ்ச பிறகு யார் கேட்பாங்க?

போர் வரலாறுன்னா தளபதி, தேதி, வெற்றி, தோல்வி இதைத்தான் அதிகம் பேசுறோம். இன்னைக்கு நாம பார்க்கப் போறது, வீடு திரும்பின வீரர்கள் சொல்றதைக் கேட்க அமெரிக்காவில் ஒரு தொழிலே எப்படி வளர்ந்தது என்பதை.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகளில் பணியாற்றியவர்கள் சுமார் 1 கோடியே 60 லட்சம் பேர். முன்னாள் வீரர்களின் மருத்துவத்துக்குப் பொறுப்பான அரசுத் துறையை 'விஏ' என்பார்கள். 1945-ல் அதன் தலைமைக்கு வந்தவர் ஜெனரல் ஒமர் பிராட்லி. அப்போ விஏ மருத்துவமனைகளில் இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மனநலப் பிரிவு நோயாளிகள். மனநல மருத்துவர்களோ மிகக் குறைவு.

உளவியலாளர்கள் இருந்தாங்களேன்னு கேட்கலாம். இருந்தாங்க. ஆனா அவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இருந்தார்கள், அல்லது குழந்தைகளுக்கு நுண்ணறிவுச் சோதனை நடத்திக்கொண்டிருந்தார்கள். சிகிச்சை என்பது மருத்துவரின் வேலையாகவே கருதப்பட்டது.

ஆள் இல்லைன்னா என்ன செய்றது? ஆளை உருவாக்கணும். 1946-ல் விஏ 22 பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து, ஏறத்தாழ 200 மாணவர்களோடு ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. மாணவர் முனைவர் பட்டத்துக்குப் படிப்பார். கூடவே விஏ மருத்துவமனையில் பகுதி நேரம் வேலை செய்வார். அதற்குச் சம்பளமும் உண்டு. உளவியலாளர் பணிக்கு முனைவர் பட்டம் வேண்டும் என்றும் விஏ வலியுறுத்தியது. மூன்று ஆண்டு கழித்து, 1949-ல், கொலராடோவின் போல்டர் நகரில் நடந்த மாநாடு, உளவியலாளர் ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது. இன்றைய அமெரிக்கப் பயிற்சிமுறைக்கு அடித்தளம் அதுதான்.

இங்கே ஒரு சுவாரசியமான விஷயம். நல்ல சிகிச்சையாளராக வரப்போவது யார் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க, விஏ நிதியில் கெல்லி, ஃபிஸ்க் என்ற இருவர் பெரிய ஆய்வு நடத்தினார்கள். 1951-ல் முடிவு வெளிவந்தது. நேர்காணல்கள் பெரிதாக எதையும் கூட்டிச் சொல்லவில்லை. மனித மனத்தை எடைபோடுறவங்களாலேயே தங்கள் மாணவர்களைச் சரியா எடைபோட முடியலை!

இதே காலகட்டத்துக்கு ஒரு இருண்ட பக்கமும் உண்டு. விஏ மருத்துவமனைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்களுக்கு லோபோடமி என்ற மூளை அறுவை நடந்தது. கேட்க ஆளும் இல்லை, வேறு வழியும் தெரியவில்லை என்ற நிலையில் கத்திதான் பதிலாக வந்தது. பயிற்சி பெற்ற ஆள் இல்லாததன் விலை என்ன என்பதை இதிலிருந்து புரிஞ்சுக்கலாம்.

சரி, பயிற்சி வந்தாச்சு. பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. வியட்நாமிலிருந்து திரும்பியவர்களின் கனவுகளுக்கும் திடீர்ப் பதற்றத்துக்கும் அப்போதைய நோய்ப் பட்டியலில் பொருத்தமான பெயரே இல்லை. 1970-ல் நியூயார்க்கில் வீரர்கள் தாங்களே கூடிப் பேசத் தொடங்கினார்கள். ஷாட்டன், லிஃப்டன் என்ற இரு மனநல மருத்துவர்கள் அவர்களோடு உட்கார்ந்து கேட்டார்கள். தொடர்ந்து நடந்த போராட்டத்துக்குப் பிறகு, 1980-ல் பி.டி.எஸ்.டி என்ற பெயர் அதிகாரபூர்வப் பட்டியலில் ஏறியது. இந்த முறை பாடம் நடத்தினவங்க நோயாளிகள்தான்.

பெயர் வந்த பிறகு சிகிச்சை முறைகள் வளர்ந்தன. எட்னா ஃபோவா, பட்ரீசியா ரெசிக் ஆகியோர் பாலியல் வன்முறையிலிருந்து மீண்ட பெண்களோடு பணியாற்றி உருவாக்கிய முறைகளைத்தான் இன்று விஏ வீரர்களுக்கும் பயன்படுத்துகிறது. இவற்றைப் புத்தகத்தில் படிச்சு மட்டும் செய்ய முடியாது. ஒருவர் தன் வாழ்க்கையின் மிக மோசமான நாளைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது எப்போது பேசவிட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பது பக்கத்தில் ஒரு மூத்தவர் இருந்தால்தான் பிடிபடும்.

அதனால்தான் 1990-களிலிருந்து, முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சியும் விஏ-வில் வளர்ந்தது. பி.டி.எஸ்.டி, போதைப் பழக்கம், முதியோர் மனநலம் என்று ஒரு துறையில் ஊன்றிப் பயில்வதற்கான காலம் அது. பல மாநிலங்களில் உரிமம் பெறவும் இந்த மேற்பார்வை நேரம் கணக்கில் வரும். இன்று அமெரிக்காவில் உளவியலாளர்களுக்கு அதிகம் பயிற்சி தருவது விஏ-தான்.

ஆனா இதை வீரர் பக்கத்திலிருந்தும் பாருங்க. இந்தப் பயிற்சி பெரும்பாலும் ஓராண்டுதான். யாரிடமும் சொல்லாததை ஒரு இளம் உளவியலாளரிடம் அவர் சொல்லத் தொடங்கியிருப்பார். ஆண்டு முடிஞ்சதும் அந்த இளைஞர் கிளம்பிடுவார். அடுத்தவர் வருவார், கதையை முதலிலிருந்து சொல்லணும். பயிற்சி இல்லாம நல்ல சிகிச்சையாளர் இல்லை. அந்தப் பயிற்சிக்குக் கொடுக்கிற விலையில் ஒரு பங்கு நோயாளியின் பொறுமை. 1946-ல் தொடங்கிய திட்டம் இன்னும் முழுசாத் தீர்க்காத கணக்கு இது.