சவுக்கேந்திய அர்ச்சிட்டர்

ஒரு நகரத்தின் காவலராகப் போற்றப்படும் பெரியார் உலகைவிட்டு நீங்கிப் பல நூற்றாண்டுகள் சென்ற பின்னரும் அவருடைய உருவம் மாறிக்கொண்டே போகுமா? போகும் என்பதற்கு வட இத்தாலியிலுள்ள மிலான் மாநகர் சான்று பகரும். அந்நகரின் காவலர் அர்ச்சிட்ட அம்புறோசியார். உரோம அரசின் தேசாதிபதியாக அங்கு வாழ்ந்தவர், கி. பி. 374இல் மக்களின் குரலால் மேற்றிராணியாராகி, 397இல் உயிர் நீத்தார்.

அவருடைய மிகப் பழைய உருவம், அவர் பெயரால் வழங்கும் தேவாலயத்தை ஒட்டிய சிற்றாலயமொன்றின் சுவரில் இன்றும் உண்டு. சிறு வண்ணக் கற்களைப் பதித்து ஐந்தாம் நூற்றாண்டில் ஆக்கப்பட்ட சித்திரம் அது. மெலிந்த முகம், குறுந்தாடி, எளிய அங்கி. தலையைச் சூழ ஒளிவட்டமில்லை. கண்களிரண்டும் ஒரே மட்டத்திற்கூட இல்லை! அவரை நேரிற் கண்டவர்களின் நினைவு மறையுமுன் வரைந்த முகமென்றே நாம் எண்ணுகின்றோம்.

ஒன்பதாம் நூற்றாண்டில் இரண்டாம் அஞ்சில்பேட்டு மேற்றிராணியார் (824–859) அத்தேவாலயத்துக்குப் பொன்னாலும் வெள்ளியாலும் ஒரு பீடம் செய்வித்தார். அதன் பின்புறத்தில் அம்புறோசியாரின் வாழ்க்கை பன்னிரண்டு காட்சிகளாக விரிகின்றது. தொட்டிலிற் கிடக்கும் குழந்தையைத் தேனீக்கள் மொய்க்கின்றன. வேறொரு காட்சியில் அவர் குதிரையேறி விரைகின்றார். எங்கே? மேற்றிராணியார் பதவி வேண்டாமென்று நகரைவிட்டு ஓடுகின்றார். தெய்வக் குரல் அவரைத் திருப்பி அழைக்கின்றது. பீடத்தை ஆக்கிய வொல்வீனியுஸ் என்னும் பொற்கொல்லர், அர்ச்சிட்டர் கையால் தாமும் முடிபெறுவதாக ஓரிடத்திற் செதுக்கிவைத்துள்ளார். தொழிலாளியின் இந்தப் பெருமிதம் நமக்குப் பெரிதும் பிடித்திருக்கின்றது.

அக்குதிரை பின்னர் வேறு திசையிற் பாய்ந்தது. 1339ஆம் ஆண்டு பெப்ரவரி 21ஆந் திகதி, பராபியாகோ என்னுமிடத்தில், பனிக்கு நடுவே பெரும்போர் மூண்டது. மிலானை ஆண்ட அசோனே விஸ்கொந்தியின் படையை, அவர் குலத்தவனாகிய லொத்ரீசியோ கூலிப்படையுடன் எதிர்த்தான். தோற்கும் நிலையிலிருந்த மிலான் படை இறுதியில் வென்றது. வானிலிருந்து அம்புறோசியார் வெண்குதிரை மீது தோன்றிச் சவுக்கால் பகைவரை விளாசினார் என்ற கதை பரவிற்று. அடிபட்டவன் யார்? அவனும் விஸ்கொந்தி, அவனுக்கும் அம்புறோசியாரே காவலர். ஒரு குடும்பத்தின் உட்பகையை நகரத்தின் வெற்றியாக்குவதற்கு அர்ச்சிட்டரின் சவுக்கு உதவியது என்பதை மறைப்பதிற் பயனில்லை.

அச்சவுக்குக்குக் கற்றோர் வேறு பொருள் கூறுவர். அரியூஸ் என்பவரின் கொள்கையினரை அம்புறோசியார் விரட்டியதன் அடையாளமாம் அது. (நம் நூல்களில் வரும் ‘ஆரியர்’ வேறு, மயங்கற்க.) ஆனால் 386இல் அரசி யுஸ்தீனா அக்கொள்கையினருக்காக ஒரு தேவாலயத்தைக் கேட்டபொழுது அவர் செய்தது என்ன? மக்களோடு உள்ளே அமர்ந்து, கீதம் பாடி, இரவும் பகலும் விட்டுக்கொடாது இருந்தார். சவுக்கு அங்கில்லை.

எனினும் சவுக்கே நிலைத்தது. 1447இல் விஸ்கொந்தி ஆட்சி முடிந்ததும் நகரத்தார் அம்புறோசியார் பெயராலேயே ஒரு குடியரசை அமைத்தனர்; 1450இல் பிரான்செஸ்கோ ஸ்போர்சா அதனை விழுங்கினான். பின்னர் மிலானைக் கைப்பற்றிய பிரெஞ்சு மன்னன் பன்னிரண்டாம் லூயியும் குதிரையேறிய அம்புறோசியாரையே தன் காசிற் பொறித்தான். நகரத்தைக் காக்க வந்தவரை, நகரத்தைப் பிடித்தவனும் விட்டுவைக்கவில்லை.

1566இல் ஆசீர்வதிக்கப்பெற்ற நகரக்கொடி இன்று மிலான் கோட்டையில் இருக்கின்றது. பட்டிலும் பொன்னிழையிலும் அமைந்த அதில் குதிரை இல்லை. மேற்றிராணியாரின் முழு அணிகலன்களோடு அம்புறோசியார் நிற்கின்றார். கீழே பகைவர் வீழ்ந்து கிடக்கின்றனர். ஓங்கிய கையிற் சவுக்கு அப்படியே இருக்கின்றது.