கைது செய்யப்பட்டவர் எங்கே? புதுச்சேரியில் ஒரு குடும்பம் தேட வேண்டிய நான்கு பதிவுகள்

இஷா தொழுகை முடிந்து பள்ளிவாசல் கதவைச் சாத்தும் நேரம். ஒரு தாய் வந்து நின்றார். "ஹஜ்ரத், மகனை சாயந்திரம் போலீஸ் கூட்டிட்டுப் போச்சாம். எந்த ஸ்டேஷன்னு தெரியல. போனும் எடுக்கல" என்றார். வீடு கோட்டக்குப்பத்தில். மகன் வேலை பார்ப்பது புதுச்சேரி நகரக் கடையொன்றில். உறவினர்கள் நகரத்தின் காவல் நிலையங்களை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார்கள். தெரிந்த கட்சிக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார்கள். யாரும் எந்தத் தாளையும் கேட்கவில்லை. அடுத்த நாள் மதியம், ரிமாண்ட் ஆகி சிறைக்குப் போன பிறகுதான் விவரம் தெரிந்தது. அவரை அழைத்துச் சென்றது புதுச்சேரி போலீஸ் அல்ல, தமிழ்நாடு போலீஸ். மாஜிஸ்திரேட் முன் அவர் நின்றபோது குடும்பத்தில் ஒருவரும் பக்கத்தில் இல்லை, வக்கீலும் இல்லை.

அன்று இரவு எனக்கும் வழி தெரியவில்லை. பிறகு வக்கீல் நண்பர்களிடம் கேட்டும் சட்டப் பிரிவுகளைப் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே தொகுத்திருக்கிறேன். இது குற்றத்துக்கு வக்காலத்து வாங்கும் கட்டுரை அல்ல. ஒருவர் குற்றம் செய்தாரா என்பதை நீதிமன்றம் பார்க்கும். அவர் எங்கே இருக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை குடும்பத்துக்கு முதல் மணி நேரத்திலிருந்தே உண்டு.

அமெரிக்காவில் பல மாவட்டங்களின் ஷெரிஃப் அலுவலகங்கள் அன்றன்று சிறைக்கு வந்தவர்களின் பெயர்ப் பட்டியலை இணையத்தில் போட்டுவிடும். பல இடங்களில் புகைப்படமும் இருக்கும். நம் நாட்டில் ஒரே இடத்தில் தட்டிப் பார்க்கும்படி அப்படியொரு பொதுப் பட்டியல் கிடையாது. ஆனால் ஒவ்வொரு கைதும் நான்கு இடங்களில் எழுத்தில் பதிய வேண்டும்: காவல் நிலையம், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, நீதிமன்றம், சிறை. இந்த வரிசையிலேயே தேடினால் ஆளும் கிடைப்பார், நேரமும் மிஞ்சும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1986-இல் மேற்கு வங்கத்தின் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவராக இருந்த டி.கே.பாசு, காவலில் நடக்கும் மரணங்கள் குறித்து உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்காக எடுத்துக்கொள்ளப்பட்டது. 1996 டிசம்பர் 18 அன்று வந்த தீர்ப்பு, கைதின்போது போலீஸ் பின்பற்ற வேண்டிய 11 கட்டளைகளைப் பிறப்பித்தது. அவை பின்னர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்ந்தன. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். எனப்படும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் தொடர்கின்றன. நமக்குத் தேவையான பிரிவுகள் இவை:

பிரிவு 36: கைது செய்யும் அதிகாரி தம் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். கைது குறிப்பாணை, அதாவது அரெஸ்ட் மெமோ, எழுத வேண்டும். அதில் குடும்பத்தினர் ஒருவரோ அப்பகுதியின் மதிப்புமிக்க ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும்.

பிரிவு 37: ஒவ்வொரு மாவட்டத்திலும் கட்டுப்பாட்டு அறை இருக்க வேண்டும். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத ஒருவர், கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றைப் பராமரிக்கப் பொறுப்பேற்க வேண்டும். அந்த விவரம் நிலையத்திலும் மாவட்டத் தலைமையகத்திலும் எல்லாரும் பார்க்கும்படி வைக்கப்பட வேண்டும். டிஜிட்டல் முறையிலும் வைக்கலாம்.

பிரிவு 38: விசாரணையின்போது தமக்கு விருப்பமான வக்கீலைச் சந்திக்கக் கைதானவருக்கு உரிமை உண்டு. விசாரணை முழுவதும் வக்கீல் உடன் இருக்க முடியாது.

பிரிவு 47, 48: கைதுக்கான காரணத்தைக் கைதானவரிடம் சொல்ல வேண்டும். அவர் குறிப்பிடும் உறவினருக்கோ நண்பருக்கோ கைதையும் வைக்கப்பட்டிருக்கும் இடத்தையும் உடனே தெரிவிக்க வேண்டும். யாரிடம் தெரிவித்தார்கள் என்பதை நிலையத்தில் உள்ள புத்தகத்தில் எழுத வேண்டும். இது நடந்ததா என்று மாஜிஸ்திரேட் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். காரணத்தைச் சொல்லாத கைது செல்லாது என்று 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

பிரிவு 58: பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது அரசியல் சாசனத்தின் 22ஆவது பிரிவு தரும் உரிமையும் கூட. தடுப்புக் காவல் சட்டங்களில் பிடிக்கப்பட்டவருக்கு மட்டும் இந்த 24 மணி நேர விதி பொருந்தாது.

எந்த எல்லை, எந்த போலீஸ்?

மற்ற ஊர்களில் எழாத ஒரு கேள்வி நம் ஊரில் முதலில் எழும். புதுச்சேரி ஒரே துண்டு நிலம் அல்ல. நகரத்திலிருந்து காலாப்பட்டுக்குப் போனால் நடுவில் கோட்டக்குப்பம் வரும். அது விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு போலீஸ். அதைத் தாண்டினால் மறுபடி புதுச்சேரி. பாகூர் பக்கமும் எல்லை இப்படித்தான் பின்னிக் கிடக்கிறது. பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன இந்தக் கோடுகளால்தான் அந்தத் தாய் தவறான இடத்தில் இரவெல்லாம் அலைந்தார்.

எனவே முதல் கேள்வி, "எந்த இடத்தில் பிடித்தார்கள், சம்பவம் எங்கே நடந்ததாகச் சொல்கிறார்கள்?" என்பதே. வீடு எங்கே என்பது அல்ல. புதுச்சேரி போலீஸ் என்றால் பொதுவாகக் கடலூர் சாலையில் உள்ள நீதிமன்ற வளாகம், பிறகு காலாப்பட்டு மத்திய சிறை. தமிழ்நாடு போலீஸ் என்றால் அந்த நிலையத்துக்குரிய தமிழ்நாட்டு மாஜிஸ்திரேட் நீதிமன்றம், பிறகு அம்மாநிலத்தின் கிளைச் சிறையோ கடலூர் மத்திய சிறையோ.

காரைக்கால், மாஹே, ஏனாம் மக்களுக்குத் தூரமே பெரும் சோதனை. காரைக்கால் 130 கிலோமீட்டருக்கு மேல். மாஹே கேரளத்துக்குள்ளும், ஏனாம் ஆந்திரத்துக்குள்ளும் இருக்கின்றன. ஏனாமைச் சேர்ந்த ஒருவர் புதுச்சேரியில் கைதானால் குடும்பம் ஓடி வருவதற்குள் 24 மணி நேரம் முடிந்துவிடும். டி.கே.பாசு தீர்ப்பு இதை முன்பே நினைத்துப் பார்த்திருக்கிறது. உறவினர் வேறு மாவட்டத்தில் இருந்தால், சட்ட உதவி அமைப்பு வழியாகவும் அந்தப் பகுதிக் காவல் நிலையம் வழியாகவும் 8 முதல் 12 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்கிறது. ஆகவே தூரத்தில் இருப்பவர்கள் தங்கள் ஊர்க் காவல் நிலையத்திலேயே, "எங்கள் பிள்ளை பற்றித் தகவல் வந்திருக்கிறதா?" என்று கேட்கலாம்.

வரிசையாகத் தேடுங்கள்

முதலில் காவல் நிலையம். கூட்டமாகப் போக வேண்டாம். இரண்டு பேர் போதும், முடிந்தால் ஒரு வக்கீல். குரல் உயர்த்தாமல் நான்கு கேள்வி கேளுங்கள்: கைது பதிவாகியிருக்கிறதா? எஃப்.ஐ.ஆர். எண்ணும் பிரிவுகளும் என்ன? விசாரணை அதிகாரி யார்? எந்த மாஜிஸ்திரேட் முன் எப்போது நிறுத்துகிறீர்கள்? பதிலையும், சொன்னவர் பெயரையும், நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். "கைது இல்லை, விசாரணைக்குத்தான்" என்று சொன்னால், அதற்கான நோட்டீஸ் தரப்பட்டதா என்று கேளுங்கள். பிரிவு 35-இன்படி விசாரணைக்கு ஆஜராகச் சொல்வது நோட்டீஸ் மூலமாகவே நடக்க வேண்டும்.

இரண்டாவது கட்டுப்பாட்டு அறை. நிலையத்தில் பதில் கிடைக்காவிட்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் பெயரும் தந்தை பெயரும் சொல்லிக் கேளுங்கள். அவசர உதவிக்கு எண் 112.

மூன்றாவது நீதிமன்றம். ரிமாண்டுக்கு முன் அரசு மருத்துவமனையில் மருத்துவப் பரிசோதனை நடக்கும். அந்த அறிக்கையின் நகல் கைதானவருக்கோ அவர் சொல்பவருக்கோ தரப்பட வேண்டும். விடுமுறை நாளானால் மாஜிஸ்திரேட் வீட்டிலேயே ஆஜர்படுத்துவார்கள். வக்கீல் அங்கே நிற்பதுதான் முக்கியம். அடி விழுந்திருந்தால் சொல்ல வேண்டிய இடம் அது. எந்தச் சிறை என்பது ரிமாண்ட் உத்தரவில் எழுதியிருக்கும்.

நான்காவது சிறை. உள்ளே வரும் ஒவ்வொருவரின் பெயரும் சேர்க்கைப் பதிவேட்டில் ஏறி, விசாரணைக் கைதி எண் தரப்படும். அந்த எண்ணை வாங்கி வையுங்கள். மனு போட்டுப் பார்க்க ஆதார் அட்டை வேண்டும்.

கைப்பேசியில் என்ன கிடைக்கும்?

2016 செப்டம்பரில் யூத் பார் அசோசியேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம், எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றச் சொன்னது. தொடர்பு வசதி குறைந்த பகுதிகளுக்கு 72 மணி நேரம் வரை விலக்கு உண்டு. பாலியல் குற்றம், பயங்கரவாதம், போக்ஸோ போன்ற வழக்குகள் ஏற்றப்படா. அப்போதும் குற்றம் சாட்டப்பட்டவர் விண்ணப்பித்து நகல் கேட்க வழி இருக்கிறது. மாநிலக் காவல்துறைகளின் குடிமக்கள் சேவைத் தளங்களில் எஃப்.ஐ.ஆர். பார்க்கலாம். ஈ-கோர்ட்ஸ் தளத்தில் நிலையத்தின் பெயர், எஃப்.ஐ.ஆர். எண், ஆண்டு கொடுத்து வழக்கு நிலையைத் தேடலாம். சிறைச் சந்திப்புக்கு முன்பதிவு செய்ய ஈ-பிரிசன்ஸ் தளத்தில் ஈ-முலாகாத் வசதி உண்டு. ஆனால் முதல் நாளில் திரையை நம்பிக் காத்திருக்க வேண்டாம். நேரில் போய்க் கேட்பதே வேகம்.

பெண், சிறுவர், முதியவர்

விதிவிலக்கான சூழ்நிலையில் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்றாலன்றி, சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. 18 வயது நிரம்பாதவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. அவரை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். எனவே அவரைச் சிறையில் தேடாமல் கூர்நோக்கு இல்லத்தில் கேளுங்கள், பிறப்புச் சான்றிதழைக் கையோடு எடுத்துப் போங்கள். மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில், 60 வயதுக்கு மேற்பட்டவரையோ நோயாளியையோ கைது செய்ய டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் முன் அனுமதி வேண்டும்.

எவரும் ஒப்புக்கொள்ளாவிட்டால்

24 மணி நேரம் கடந்தும் "எங்களிடம் இல்லை" என்றால், காவல் கண்காணிப்பாளருக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். பிறகு ஆட்கொணர்வு மனு. நான்கு பிராந்தியங்களுக்கும் உயர் நீதிமன்றம் சென்னையில்தான். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒருவரின் உயிர், சுதந்திரம் சார்ந்த கேள்விக்கு 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.

பட்டியலில் பெயர் இருப்பது தீர்ப்பு அல்ல

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூவரின் குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. அவர்களில் எத்தனையோ பேர் நாளை விடுதலையாகி, நம் தெருவுக்கே திரும்பி வருவார்கள்.

ஆகவே தேடுவதற்கும் பரப்புவதற்கும் வேறுபாடு இருக்கிறது. குடும்பத்துக்காகத் தேடுவது கடமை. கைதானவரின் படத்தை ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவில் போடுவது, எந்த வழக்கு என்று ஊகம் எழுதுவது, அந்த வீட்டுப் பெண் பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு வரை முறித்துவிடும். செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்ற ஹுஜுராத் அத்தியாயத்தின் கட்டளை இதற்கும் பொருந்தும்.

ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாகமும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளட்டும். சுற்றியுள்ள புதுச்சேரி, தமிழ்நாடு காவல் நிலையங்களின் எண்கள், இரு பக்கக் கட்டுப்பாட்டு அறைகள், இரவில் போன் எடுக்கும் இரண்டு வக்கீல்கள், சட்டப் பணிகள் ஆணையம் ஆகியவை ஒரே பக்கத்தில் இருக்கட்டும். நம் தெருவில் எந்த வீட்டுத் தாய் வந்து கதவைத் தட்டினாலும், எந்த மதத்தவரானாலும், அந்தப் பக்கத்தைத் திறந்து உடனே முதல் போனைப் போட முடிய வேண்டும். அன்று அந்தத் தாய்க்கு நாங்கள் அதைச் செய்ய முடியவில்லை. இப்போது எங்கள் பள்ளியில் அந்த நோட்டு இருக்கிறது.