கடினமாக்கப்பட்ட மாத்திரை

வாயால் விழுங்கும் மாத்திரையில் மருந்து மட்டும் இருப்பதில்லை. அதற்கு உருவம் தரும் டால்க் தூளும் மாவுப்பொருளும் மெழுகும் உடன் கலந்துள்ளன. குடல் இவற்றைத் தீங்கின்றிக் கடத்திவிடும். அதையே கரைத்து இரத்த நாளத்தில் ஏற்றினாலோ, அத்தூள் நுரையீரலின் நுண்குழாய்களில் சென்று அடைத்துக்கொள்கிறது. தூய்மையற்ற ஊசியோடு நுழையும் கிருமிகள் இதய வால்வுகளை அரிக்கின்றன. அபின் இன வலிநீக்கிகளின் வரலாற்றில் பலமுறை கண்ட துயரம் இது. அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்று தனித்துச் சிந்திக்கத்தக்கது.

'ஒபானா இ.ஆர்.' என்னும் மாத்திரை 2006-இல் அங்கே அனுமதி பெற்றது. அதிலுள்ள ஆக்ஸிமார்ஃபோன், உடலில் மெல்ல மெல்லக் கசிந்து கடும் வலியைத் தணிக்கும். போதை நாடியோர் அதைப் பொடித்து மூக்கால் உறிஞ்சினர். ஆகவே, எண்டோ நிறுவனம் 2012-இல் பாலிஎத்திலீன் ஆக்ஸைடு சேர்த்து, எளிதில் பொடிக்கவியலாத மாத்திரையை வெளியிட்டது. நோக்கம் நல்லதென்றே கொள்வோம். வணிகக் கணக்கும் உடனிருந்தது என்பாருமுளர். ஆயினும் மாறியது மாத்திரைதான்; அடிமைப்பட்டோரின் வேட்கை மாறவில்லை. மூக்கின் வழி அடைபடவே, பலர் ஊசியை நாடினர்.

அவ்வாண்டே டென்னசி மாநிலச் சிறுநீரக மருத்துவர் ஒருவர், காரணம் விளங்காத நோயாளிகள் சிலரைக் குறித்துச் சுகாதாரத் துறைக்கு அறிவித்தார். அவர்களுக்கு இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தன, சிவப்பணுக்கள் சிதைந்திருந்தன. ஆராயப்பட்ட 15 பேரில் 14 பேர் புதிய மாத்திரையை ஊசியால் ஏற்றியவர்கள். காவலுக்கென்று சேர்க்கப்பட்ட அந்தப் பொருளே இரத்தத்தில் கலந்து கேடு விளைவிக்கிறது என்பதை 2017-இல் வெளிவந்த விலங்காய்வு காட்டிற்று.

இண்டியானா மாநிலத்து ஆஸ்டினில் (டெக்ஸாஸின் தலைநகரன்று, ஏறத்தாழ 4,200 பேர் வாழும் சிற்றூர்) வேறொரு கேடு காத்திருந்தது. ஒரே மாத்திரையைப் பலர் பகிர்ந்தனர், ஊசியையும் பகிர்ந்தனர். அந்த ஸ்காட் மாவட்டத்தில் அதற்குமுன் ஆண்டுக்கு ஐவருக்கும் குறைவாகவே எச்.ஐ.வி. கண்டறியப்பட்டு வந்தது. 2015 நவம்பருக்குள் அந்தப் பரவலில் மட்டும் 181 பேர். அவர்களுள் பத்தில் ஒன்பதின்மருக்கு மேல் ஹெபடைடிஸ் 'சி'யும் இருந்தது. தூய ஊசி வழங்குவதை அம்மாநிலச் சட்டம் தடுத்திருந்தது. 2015 மார்ச் 26 அன்று ஆளுநர் மைக் பென்ஸ் அவசரநிலை அறிவித்த பின்னரே வழி திறந்தது. புதிய தொற்றும் வெகுவாகத் தணிந்தது.

2017 ஜூனில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அம்மாத்திரையைச் சந்தையிலிருந்து நீக்கக் கோரியது. நிறுவனம் அடுத்த மாதமே இசைந்தது. ஊசி வழங்கும் பணியோ, 2021 இறுதியில் நிறுத்தப்பட வேண்டுமென்று ஸ்காட் மாவட்ட ஆணையர்கள் மூவரில் இருவர் வாக்களித்தனர்.