அப்பாவின் திதியும் திப்புவின் காலண்டரும்

போன ஞாயிற்றுக்கிழமை மைசூரிலிருந்து அம்மா போன் பண்ணினாள். "அப்பா திதி எப்போடா? பக்கத்து வீட்டு மாமி கன்னடப் பஞ்சாங்கம் பார்த்து ஒரு மாசம் முன்னாடியே வருதுங்கறா."

அப்பா போனது ஆடித் தேய்பிறை நவமி. நமக்கு மாதம் சூரியனை வைத்து, கன்னடக்காரர்களுக்குச் சந்திரனை வைத்து. அவர்களுடைய ஆஷாட மாதத் தேய்பிறை சில வருஷம் நம் ஆனியிலேயே வந்துவிடும். எங்கள் வீட்டுச் சமையலறையில் எப்போதும் இரண்டு காலண்டர் தொங்கியதற்கு இதுதான் காரணம். வாடகைக்கும் யுகாதிக்கும் ஒன்று, மற்றதெல்லாம் நம்முடையது.

அந்த ஊரில் ஒருவர் மூன்றாவதாகவும் ஒரு காலண்டர் போட்டார். திப்பு சுல்தான்!

அவருடைய நாணயங்களில் வருஷம் ஹிஜ்ரி 1200-க்குப் பிறகு சட்டென்று 1215-க்குத் தாவும். எண்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். இதற்கு மௌலூதி ஆண்டு என்று பெயர். அந்த 1215 நமக்கு 1787. கழித்துப் பாருங்கள், 572 வரும். நபிகள் பிறந்ததாகச் சொல்லப்படும் காலம்.

எதற்கு இந்த வேலை? ஹிஜ்ரி வருஷம் சூரிய வருஷத்தைவிடச் சுமார் 11 நாள் குறைவு. பண்டிகைக்குச் சரி, நிலவரிக்கு உதவாது. அறுவடை அதற்காக 11 நாள் முன்னால் வருமா? அக்பரும் 1584-ல் இலாஹி என்று சூரியக் கணக்கில் ஓர் ஆண்டு முறை கொண்டுவந்தார். திப்பு செய்தது இன்னும் சுவாரசியம். மாதங்களுக்கு அஹமதி, பஹாரி என்று புதுப் பெயர் வைத்தார். ஆனால் வருஷம் தொடங்கியது யுகாதியை ஒட்டித்தான். அதிக மாதமும் இருந்தது. பிரபவ, விபவ என்று நாம் சொல்லும் 60 வருஷச் சுழற்சியையும் விடவில்லை, பெயரை மட்டும் மாற்றினார். மேலே புது வர்ணம், உள்ளே விவசாயியின் பழைய பஞ்சாங்கம்.

1799 மே 4-ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. நாணயத்தில் 1227-ஓடு அந்தக் கணக்கும் முடிந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793-ல் கொண்டுவந்த காலண்டருக்கும் ஆயுசு பன்னிரண்டு வருஷம் சொச்சம்தான். 1806 ஜனவரி 1 முதல் நெப்போலியன் பழையதற்கே திரும்பிவிட்டார்.

காலண்டர் போட்டவரின் பிறந்தநாளே பிறகு சண்டையானது. பல புத்தகங்களில் அது 1750 நவம்பர் 20. கர்நாடக அரசு 2015-ல் திப்பு ஜெயந்தியை நவம்பர் 10-ல் கொண்டாட ஆரம்பித்தது. எதிர்ப்பு, கலவரம், உயிரிழப்பு. 2019-ல் வந்த அரசு நிறுத்திவிட்டது. அரசாங்கம் குறிக்கிற நாள் அரசாங்கத்தோடு போகும். யுகாதியையும் ஆடி நவமியையும் அப்படி யாரும் ரத்து செய்ய முடியவில்லை. வீட்டில் யாரோ ஒருவர் ஞாபகம் வைத்திருக்கும் வரை அவை இருக்கும்.

அதுதான் எனக்கு உறைத்தது. இங்கே அமெரிக்காவில் என் வீட்டுச் சுவரில் இருப்பது பெண்ணின் பள்ளிக்கூடக் காலண்டர். அதில் ஆடியும் இல்லை, ஆஷாடமும் இல்லை. அம்மாவுக்குப் பிறகு இந்த நாளை யார் கேட்பார்கள்?

"நம்ம கணக்குப்படியே பண்ணலாம்மா" என்றேன். போனை வைத்துவிட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, அந்தக் காலண்டரில் அவள் கையாலேயே 'தாத்தா' என்று எழுத வைத்தேன். தமிழில்தான். கால் கொஞ்சம் கோணல், பரவாயில்லை :-)

உங்கள் வீட்டில் எந்தக் காலண்டர்?