அடியும் நிற்க வேண்டும், வீடும் வேண்டும்

1983-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. ஸ்டவ் வெடித்துச் செத்தார்கள் என்று கணக்கு முடிக்கப்பட்ட மருமகள்களுக்காகப் பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கிப் போராடியதற்குக் கிடைத்த பலன் அது. மனைவியைக் கொடுமைப்படுத்தும் கணவனுக்கும் அவன் வீட்டாருக்கும் மூன்றாண்டு வரை சிறை.

பெரிய வெற்றிதான். ஆனால், அடிபட்டு வந்த பெண்களில் பலர் கேட்டது வேறு. அவரை உள்ளே தள்ள வேண்டாம், அடிப்பதை நிறுத்தினால் போதும், பிள்ளைகளோடு என்னை நடுத்தெருவில் நிறுத்தக் கூடாது என்றார்கள். வீடு பெரும்பாலும் கணவன் பேரிலோ மாமனார் பேரிலோ இருக்கும். பிறந்த வீட்டுக்குத் திரும்பினால் வாழாவெட்டி என்ற பேச்சு. புகார் கொடுத்த அன்று இரவு அவள் எங்கே படுப்பாள் என்பதற்கு 498-ஏ-யில் பதில் இருக்கவில்லை.

அந்தப் பதிலைத் தேடித்தான் இந்திரா ஜெய்சிங் முன்னின்று நடத்திய லாயர்ஸ் கலெக்டிவ் அமைப்பு 1990-களில் ஒரு மசோதாவை எழுதத் தொடங்கியது. அதே காலத்தில், பெண்கள் மீதான வன்முறை குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக இருந்தவர் இலங்கைத் தமிழரான ராதிகா குமாரசுவாமி. குடும்ப வன்முறைச் சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான மாதிரி ஒன்றை 1996-ல் அவர் ஐ.நா.வில் முன்வைத்தார்.

2002-ல் ஒன்றிய அரசு கொண்டுவந்த மசோதாவோ பெண்களைத் திடுக்கிட வைத்தது. வழக்கமாக அடித்தால்தான் அது குடும்ப வன்முறையாம். எத்தனை அடி விழுந்தால் வழக்கம்? தன்னையோ தன் சொத்தையோ காப்பாற்றிக்கொள்ளத்தான் அப்படி நடந்தேன் என்று கணவன் தப்பிக்கவும் அதில் வழி வைத்திருந்தார்கள். இப்படியொரு சட்டம் வந்திருந்தால் அடிப்பவனுக்குத்தான் அது கேடயமாகியிருக்கும். பெண்கள் அமைப்புகள் விடாமல் எதிர்த்தன. மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனது. 2004-ல் மக்களவை கலைந்தபோது காலாவதியும் ஆனது.

அடுத்த ஆண்டே புதிய மசோதா வந்து நிறைவேறியது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. அமலுக்கு வந்தது 2006 அக்டோபர் 26-ல். பட்டாவில் யார் பெயர் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை அவளுக்கு உண்டு என்றது. ஒரே அறை விழுந்தாலும் வன்முறைதான். தாலி கட்டாமல் திருமணம் போலவே சேர்ந்து வாழ்ந்தவளும் பாதுகாப்புக் கேட்கலாம்.

இந்தச் சட்டத்தின் விதிகளோடு வரும் முதல் படிவத்தை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். உதை, அறை மட்டும் அதில் இல்லை. ஆண் குழந்தை பெறவில்லை என்று ஏசுவது, நடத்தையைச் சந்தேகித்துப் பேசுவது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, சீதன நகையைக் கேட்காமல் அடகு வைப்பது, வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இருப்பது எல்லாம் வரிசையாக இருக்கின்றன. குடும்பத்தில் இதெல்லாம் சகஜம் என்று சொல்லியே வளர்க்கப்பட்டவள், இது குற்றச்சாட்டாக எழுதக்கூடிய விஷயம் என்று ஓர் அரசாங்கத் தாளில் பார்க்கிறாள். என்னைக் கேட்டால், இந்தச் சட்டம் செய்த மிகப் பெரிய காரியம் இதுதான்.

சட்டம் அமலுக்கு வந்த இரண்டே மாதத்தில் அதற்கே அடி விழுந்தது. மாமியார் பெயரில் உள்ள வீட்டில் மருமகள் உரிமை கோர முடியாது என்று 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது தவறு என்று அதே நீதிமன்றம் சொல்ல 2020 அக்டோபர் வரை ஆனது. நடுவே போன 14 ஆண்டுகளில் எத்தனை பெண்கள் அந்தத் தீர்ப்பைக் காட்டி வெளியேற்றப்பட்டிருப்பார்கள் என்று நினைத்தாலே நெஞ்சு கொதிக்கிறது.

சட்டம் வந்ததால் அடி நின்றதா? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள் 29.3 சதவீதம், தமிழ்நாட்டில் 38.1. வன்முறைக்கு ஆளானவர்களில் உதவி கேட்டவர்கள் நாடு முழுவதும் 14 சதவீதமே. அப்படிக் கேட்டு வருபவளின் படிவத்தை நிரப்பி, மாஜிஸ்திரேட்டிடம் சேர்த்து, உத்தரவு நடப்பாகிறதா என்று பார்க்க வேண்டியவர் பாதுகாப்பு அலுவலர். பல மாநிலங்களில் இந்தப் பொறுப்பை, ஏற்கெனவே வேறு வேலை பார்க்கும் அதிகாரியின் தலையில் கூடுதலாகச் சுமத்தியிருக்கிறார்கள். தனி அலுவலர், அவருக்கு ஒரு வண்டி, நோட்டீஸ் கொண்டுபோக ஓர் ஆள், இவற்றுக்கு அரசு முதலில் பணம் ஒதுக்கட்டும்.